நாற்பது மில்லிமீட்டர்

ஊருக்குத் திரும்பிய பெல்ஜியக்காரர் ஒருவர்
குயிலாப்பாளையத்தில் விற்றுவிட்டுப் போன சைக்கிள்.
ஆறடி இரண்டங்குலம் இருந்திருப்பார்.
ஆள் விமானம் ஏறிவிட்டார்,
அவருடைய கை நீளம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.
ஹேண்டில்பார் அங்கே இருந்தது,
நான் இங்கே இருந்தேன்.

முதலியார்பேட்டையில் ஒரு சைக்கிளுக்கு இரண்டு பேர்.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு நான், பேக்கரிக்கு.
பகல் இரண்டு மணிக்கு அம்புரோஸ்,
தவளக்குப்பத்தில் குடோனுக்கு.
சீட்டுக் கம்பியில் இரண்டு அடையாளம்:
அவனுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்,
எனக்குச் சிவப்பு நகப்பூச்சு.
இடையில் நாலு விரற்கடை.

ஒரு மாதம் சமாதானமாக நடுவில் வைத்துப் பார்த்தோம்.
அவனுக்கு முழங்காலின் முன்பக்கம் வலித்தது,
எனக்குப் பின்பக்கம்.
வாடகையைப் பாதியாகப் பிரிக்கலாம்,
வஞ்சிரத் துண்டைப் பிரிக்கலாம்.
தொடை எலும்புக்குச் சராசரி கிடையாது.

சீட்டாவது ஏறும், இறங்கும்.
எட்டாத ஹேண்டிலை என்ன செய்ய?
சீட்டை முன்னால் தள்ளினேன்,
அடிக்கம்பி முடியும் மட்டும்.
கிட்டே வந்ததுபோல்தான் இருந்தது.
என் எடையும் கூடவே கிளம்பி வந்து
மொத்தமாக உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது.

ரயில்வே கேட் தாண்டும்போதே சுண்டுவிரல் போய்விடும்.
பிறகு மோதிர விரல்.
மாவில் கை வைத்தால்
ஆறு விரலுக்குத்தான் சேதி வரும்.
ஒருநாள் நூற்றிருபது ரொட்டி கல்லாய் இறங்கியது.
மதாம் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள்,
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிற மாதிரி.

கொசக்கடைத் தெரு ஜைலாபுதீன்
முதலில் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான்.
எனக்குக் கோபம் வந்தது.
எட்டவில்லை என்று வந்தவளை
இன்னும் தள்ளி உட்காரவைக்கிறானே!
பிறகு ஹேண்டிலின் கழுத்தைக் கழற்றினான், அந்த ஸ்டெம்மை.
நூற்றுப்பத்து என்று அதில் அச்சடித்திருந்தது.
எழுபது போட்டான்.
“சீட்டு காலுக்கு, ஸ்டெம் கைக்கு.
ஒண்ணோட வேலைய இன்னொண்ணுகிட்ட கேக்காதீங்க.
முன்னூத்தம்பது.”

முதல் நாள் வண்டி
என் எண்ணத்தை முந்திக்கொண்டு திரும்பியது.
பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போனது.
நீள ஸ்டெம் யோசித்துத்தான் திரும்பும்.
இது, பேரைச் சொல்லி முடிக்குமுன்
பெஞ்சிலிருந்து எழுந்துவிடுகிற பையன்.
பிடியைத் தளர்த்தினேன், முழங்கையைக் கொஞ்சம் மடக்கினேன்.
சுப்பையா சாலையில் வாழைத்தார் வண்டி ஒன்றைச் சுற்றிப் போனபோது
திருப்பியதே எனக்குத் தெரியவில்லை.
அன்றைக்கு மாவு
பத்து விரலோடும் பேசியது.

அம்புரோஸுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.
அரியாங்குப்பம் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால்
தலையாட்டுகிறதாம்.
ஏறி மிதித்தால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறதாம்.
“பொம்பள சைக்கிள் ஆயிடுச்சு இது.”
ஒரு வருஷம் அது பெல்ஜியக்காரர் சைக்கிளாக இருந்தபோது
ஒரு வார்த்தை சொல்லாதவன்.

மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள், பாலத்தில் கையை இறுக்காமல் விட்டால்
காற்று பாட்டுக்குப் போய்விடுகிறது என்றான்,
நான் கேட்காமலே, சோற்றைப் பார்த்தபடி.

பழைய ஸ்டெம் கரண்ட் பில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
திரும்ப மாட்டு என்று அவன் சொல்லவில்லை,
தூக்கிப் போடு என்று நானும் சொல்லவில்லை.

இரவு பத்தரைக்கு வருகிறவன்
சாப்பிட்டு, கைகழுவி, ஆலன் சாவியைத் தேடி,
சீட்டைச் சிவப்புக்கு இறக்கிவிட்டுத்தான் படுக்கிறான்.
இருட்டில் ஏறி உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது.

மத்தியானம் நான் ஏற்றி வைப்பதில்லை.
கேட்டால், மறந்துவிட்டேன் என்பேன்.
அவன் வாசலில் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு
கறுப்பு டேப்புக்கு நேராக நிறுத்துவதை
ஜன்னலில் நின்று பார்ப்பேன்,
கையில் மாவு காய்ந்திருக்க.